காயம் கட்டியவர் யார்?

குருமடத்தில் இறையியல் பயின்ற காலத்தில், மாதம் ஒருமுறை ஞாயிறு மாலையில், உணவறை மேசைகளை ஓரமாக நகர்த்திவிட்டு வீடியோ கேசட்டில் ஆங்கிலப் படம் பார்க்க எங்களுக்கு அனுமதி உண்டு. 1990-களின் நடுப்பகுதி அது. எந்தப் படம் என்று முடிவு செய்யும் பொறுப்பு ஒரு பேராசிரியருடையது. குதிரையும் புழுதியும் துப்பாக்கியும் வரும் படங்கள் என்றால் அவருக்கு உயிர். ஜான் ஃபோர்டு இயக்கி 1956-இல் வெளிவந்த 'தி சர்ச்சர்ஸ்' என்னும் படத்தை அப்படித்தான் முதன்முதலாகப் பார்த்தேன். அதில் ஓரிடத்தில், தன்னருகே வந்து படுத்துக்கொண்ட பூர்வகுடிப் பெண்ணொருத்தியை இளைஞன் ஒருவன் காலால் உதைக்கிறான். பருமனான அந்தப் பெண் சரிவில் உருண்டு கீழே போகிறாள். திரையில் கதாநாயகன் வாய்விட்டுச் சிரிக்கிறான். உணவறையும் சிரித்தது. நானும் சிரித்தேன்.

இவ்வாண்டு தவக்காலத்துக்கு முன், பங்கு இல்லத்தில் இளையோர் சிலருடன் அமர்ந்து அதே படத்தை மீண்டும் பார்த்தேன். அந்த இடம் வந்தபோது ஒருவரும் சிரிக்கவில்லை. படம் முடிந்ததும் கல்லூரியில் படிக்கும் மாணவி ஒருவர், “ஃபாதர், அந்த அம்மாவுக்குப் பேரே இல்லையா?” என்று கேட்டார். “லுக் என்று கூப்பிடுகிறார்களே” என்றேன். “அது பேரா ஃபாதர்?” என்றார். அந்தக் கேள்விதான் என்னை இக்கட்டுரைக்குக் கொண்டுவந்தது.

நாம் கௌபாய் படம் என்று சொல்லும் இவ்வகைப் படங்கள், பெரும்பாலும் 1865-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் முடிந்தது முதல் 1890 வரையிலான கால் நூற்றாண்டைக் கதைக்களமாகக் கொண்டவை. அந்தக் காலத்தின் மேற்குப் பகுதி திரையில் காட்டப்பட்டதுபோல ஒரே நிறத்தில் இருக்கவில்லை. மாட்டு மந்தைகளை ஓட்டிச் சென்றவர்களில் ஏறத்தாழ நால்வரில் ஒருவர் கறுப்பர் என்பது வரலாற்றாசிரியர் பலர் கூறும் மதிப்பீடு. அந்தத் தொழிலே மெக்சிக்கோவின் வக்கேரோக்களிடமிருந்து கற்றதுதான். லாசோ, ரோடியோ, ராஞ்ச் என்ற சொற்களெல்லாம் ஸ்பானிய மொழி தந்தவை. 1869-இல் இணைக்கப்பட்ட கண்டம் தாண்டிய இரயில் பாதையின் மேற்குப் பாதியில் உழைத்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் சீனர். இவர்கள் எல்லாரையும் 1940-களிலும் 1950-களிலும் வந்த படங்கள் ஏறக்குறையத் துடைத்துவிட்டன. பூர்வகுடி மக்களைத் துடைக்க முடியவில்லை; அவர்கள் இல்லாவிட்டால் சுடுவதற்கு ஆள் இல்லை. எனவே அவர்கள் மட்டும் கூட்டமாக, குன்றின் விளிம்பில், முகமின்றி நின்றார்கள்.

நவஹோ என்ற பெயரை நான் முதலில் கண்டது திரையில் அன்று. சிவகாசியிலிருந்து வந்த லயன் காமிக்ஸில். 1948-இல் இத்தாலியில் பிறந்த டெக்ஸ் வில்லர் என்ற படக்கதை நாயகன் வெள்ளையன். ஆனால் நவஹோ குலத்தின் தலைவன். 'இரவுக் கழுகு' என்பது அவனுக்கு அம்மக்கள் இட்ட பெயர். அவன் மகனின் தாய் ஒரு நவஹோ பெண். இத்தாலியர் அமெரிக்காவை நேரில் காணாமல் கற்பனை செய்த உலகம் அது. ஆனாலும் என் பன்னிரண்டு பதின்மூன்று வயதில் அம்மக்களைப் பெயருள்ள மனிதராக எனக்கு அறிமுகம் செய்தது அதுவே. உண்மையான நவஹோ மக்களின் நிலத்தில், யூட்டா அரிசோனா எல்லையிலுள்ள மானுமென்ட் வேலியில், ஃபோர்டு படமெடுத்தார். கதை நடப்பதோ டெக்சாஸில்; பகைவர் கமான்ச்சி குலத்தவர். ஆகவே நவஹோ மக்கள் கமான்ச்சிகளாக வேடமிட்டுக் குதிரையிலிருந்து விழுந்தார்கள். அவர்களுடைய தலைவன் 'ஸ்கார்' பேசவேண்டிய பாத்திரம். அவ்வேடம் பெர்லினில் பிறந்த ஹென்றி பிராண்டனுக்குப் போயிற்று. அவருடைய நீலக் கண்களை ஒப்பனையால் மறைக்க முடியவில்லை. விழுவதற்கு ஓர் இனம், பேசுவதற்கு வேறோர் இனம்.

இந்த நிலை தவறென்று உணர்ந்தவர்கள் அன்றே இருந்தார்கள். 1950-இல் டெல்மர் டேவ்ஸ் இயக்கிய 'புரோக்கன் ஆரோ' அத்தகையோரின் படைப்பு. அதை எளிதாகத் தள்ளிவிட எனக்கு மனமில்லை. அரிசோனாவில் தனியே குதிரையில் போகும் டாம் ஜெஃபர்ட்ஸ், காயப்பட்டுக் கிடக்கும் அப்பாச்சிச் சிறுவன் ஒருவனைக் காண்கிறான். பகைவனின் பிள்ளை. விட்டுப்போக மனமின்றிக் குண்டுகளை எடுத்து, மருந்திட்டு, தண்ணீர் தந்து காப்பாற்றுகிறான். தன் தாய் அழுதுகொண்டிருப்பாள் என்று சிறுவன் சொல்கிறான். அப்பாச்சித் தாயும் மகனுக்காக அழுவாள் என்பது தனக்கு அதுவரை தோன்றியதே இல்லை என்று ஜெஃபர்ட்ஸ் உணர்கிறான். ஜேம்ஸ் ஸ்டூவர்ட்டின் முகத்தில் அந்த வெட்கம் வந்து போவதைப் பார்க்கும் எவரும் நெகிழ்வர்.

வழியில் காயப்பட்டுக் கிடப்பவர், அவ்வழியே வரும் அயலார், காயத்தில் இடும் மருந்து. லூக்கா நற்செய்தியின் பத்தாம் அதிகாரத்தை நமக்கு நினைவூட்ட இதைவிட வேறென்ன வேண்டும்? நானும் ஒரு மறையுரையில் இக்காட்சியை நல்ல சமாரியருக்கு எடுத்துக்காட்டாகப் பயன்படுத்தியதுண்டு. அது பிழை என்று இப்போது நினைக்கிறேன். ஆண்டவர் சொன்ன கதையில் சமாரியர் வழியில் கிடப்பவர் அல்லர். எருசலேமிலிருந்து எரிகோவுக்கு இறங்கிச் சென்றவரைக் கேட்டவர்கள் தங்களுள் ஒருவராகவே எண்ணியிருப்பார்கள். அடிபட்டுக் கிடப்பவர் அவர். குனிந்து காயம் கட்டுபவர் அவர்கள் வெறுத்த இனத்தார். சமாரியர் ஒருவர் அடிபட்டுக் கிடக்க, யூதர் ஒருவர் இரங்கிக் காப்பாற்றினார் என்று கதை அமைந்திருந்தால், கேட்ட திருச்சட்ட அறிஞர் மகிழ்ந்து தலையசைத்து வீடு திரும்பியிருப்பார். அந்த மகிழ்ச்சியை ஆண்டவர் அவருக்குத் தரவில்லை. பகைவரிடமிருந்து உயிரைப் பெற்றுக்கொள்ளும் இடத்தில் கேட்பவரைக் கிடத்தினார். (குருவும் லேவியரும் விலகிப்போகும் பகுதியை இங்கே நான் விரைந்து கடக்கிறேன், வாசகர் காரணம் அறிவர்.)

நல்லெண்ணத்தோடு எடுக்கப்பட்ட அக்காலப் படங்கள் உவமையைத் திருப்பிப் போட்டுவிட்டன. ஒதுக்கப்பட்டவர் எப்போதும் வழியில் கிடப்பவர். எழுந்து நடப்பவரும் எண்ணெய் வார்ப்பவரும் சாவடிக்காரரிடம் பணம் தருபவரும் வெள்ளையர். பார்வையாளருக்குச் சமாரியரின் இருக்கை எந்த விலையுமின்றிக் கிடைத்துவிடுகிறது.

நேர்மையாகச் சொல்வதானால், 'புரோக்கன் ஆரோ' ஓரிடத்தில் தன்னையே மீறுகிறது. தன் இளம் மனைவியை வெள்ளையர் சிலர் பதுங்கியிருந்து கொன்றபின் ஜெஃபர்ட்ஸ் பழிவாங்கத் துடிக்கிறான். அவனைத் தடுப்பவர் அப்பாச்சித் தலைவர் கோச்சீஸ். சமாதானத்தின் சுமையைத் தானும் தாங்குவதாகச் சொல்லி அவன் கையைப் பிடிக்கிறார். அந்தச் சில நிமிடங்களில் காயப்பட்டவன் வெள்ளையன், காயம் கட்டுபவர் கோச்சீஸ். படத்தின் உயர்ந்த கணம் அதுவே. ஆனால் அந்தக் கோச்சீஸ், புரூக்ளினில் பிறந்த யூதரான ஜெஃப் சாண்ட்லர். துணை நடிகருக்கான ஆஸ்கர் பரிந்துரையும் பெற்றார். அவரது நடிப்பில் குறையில்லை. அதே படத்தில் நடித்த உண்மையான பூர்வகுடி நடிகர், மோஹாக் குலத்தவரான ஜே சில்வர்ஹீல்ஸ், சமாதானத்தை மறுத்து வெளியேறும் ஜெரோனிமோவாகச் சிறிது நேரம் வந்து போகிறார். இணங்கிப் போகும் பூர்வகுடிக்கு வெள்ளை முகம், இணங்காதவனுக்குச் சொந்த முகம். இது திட்டமிட்டுச் செய்ததாக இருக்காது. திட்டமிடாமல் நடப்பவைதான் ஒரு சமூகத்தின் உள்ளத்தை அதிகம் காட்டிக்கொடுக்கின்றன.

அப்படத்தின் திரைக்கதையை உண்மையில் எழுதியவர் ஆல்பர்ட் மால்ட்ஸ். கம்யூனிஸ்டு என்ற குற்றச்சாட்டில் நாடாளுமன்றக் குழுவுக்குப் பதில் தர மறுத்து, கறுப்புப் பட்டியலில் இடம்பெற்று, படம் வெளிவந்த அதே 1950-இல் சிறை சென்றவர். திரையில் மைக்கேல் பிளாங்ஃபோர்ட் என்ற நண்பரின் பெயரே வந்தது. மால்ட்ஸின் பெயர் திரும்பச் சேர்க்கப்பட்டது பல்லாண்டுகளுக்குப் பின்னரே. பெயர் பறிக்கப்பட்ட ஒருவர், நிலம் பறிக்கப்பட்டவர்களுக்காக எழுதியிருக்கிறார்.

அந்த இளம் மனைவி ஏன் இறக்க வேண்டும்? வேடமேற்ற டெப்ரா பேஜட்டுக்குப் படப்பிடிப்பின்போது பதினாறு வயது நிரம்பவில்லை; ஸ்டூவர்ட்டுக்கு நாற்பதைக் கடந்திருந்தது. அதை விட்டுவிடுவோம். வெள்ளையனை மணக்கும் பூர்வகுடிப் பெண் படம் முடிவதற்குள் இறந்துவிடுவது அக்காலப் படங்களில் ஏறத்தாழ ஒரு வழக்கம். அவளது மரணம் சமாதானத்துக்கு முத்திரையிட்டது என்று இறுதியில் ஜெஃபர்ட்ஸின் குரல் சொல்கிறது. இந்த வழக்கத்தின் பின்னணியில் நாம் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி ஒன்று உண்டு. 1930-இல் உருவாகி 1934 முதல் கண்டிப்பாக நடைமுறைக்கு வந்த ஹாலிவுட் தயாரிப்பு நெறிமுறையை வகுத்ததில் கத்தோலிக்கப் பதிப்பாளர் மார்ட்டின் குயிக்லிக்கும் இயேசு சபைக் குரு டேனியல் லார்டுக்கும் பெரும்பங்கு உண்டு. அதைச் செயற்படுத்திய ஜோசப் பிரீனும் கத்தோலிக்கரே. நாகரிகம் காத்த நெறிமுறை என்று குருமடத்தில் பெருமையோடு கேட்டிருக்கிறோம். அதனுள்ளே, வெள்ளையருக்கும் கறுப்பருக்கும் இடையிலான உறவைத் திரையில் காட்டக்கூடாது என்ற விதியும் இருந்தது. அந்தத் தடை 1927-இல் திரைத்துறை தானே வைத்திருந்த பட்டியலிலேயே இருந்ததுதான். அருள்தந்தை லார்டு கண்டுபிடித்ததன்று. ஆனால் கற்பையும் திருமணத்தையும் காக்கப் புறப்பட்ட நம்மவர் அதை வெளியே எடுத்து எறியவும் இல்லை. எழுத்தில் அந்த விதி பூர்வகுடிகளைத் தொடவில்லை. அவர்களுக்கு விதி தேவைப்படவில்லை. கதையே அவர்களைக் கொன்றுவிட்டது.

1960-இல் ஜான் ஸ்டர்ஜஸ் இயக்கிய 'தி மேக்னிஃபிசென்ட் செவன்' நம் வாசகர் பலர் பார்த்திருக்கக்கூடியது. அகிரா குரோசாவாவின் 'செவன் சாமுராய்' படத்தைத் தழுவியது. ஆனால் அதன் தொடக்கத்தில் ஜப்பானிய மூலத்தில் இல்லாத ஒரு காட்சி உண்டு. எல்லை நகரம் ஒன்றின் தெருவில் சாம் என்ற முதிய பூர்வகுடி ஒருவர் விழுந்து இறந்துவிடுகிறார். மக்கள் அவரைத் தாண்டி நடக்கிறார்கள். வழிப்போக்கரான ஒரு விற்பனையாளர் மனம் பொறாது அடக்கத்துக்குப் பணம் தருகிறார். ஊரார் சிலரோ, வெள்ளையர் புதைக்கப்படும் கல்லறையில் இவரைப் புதைக்கலாகாது என்று துப்பாக்கியோடு மறிக்கிறார்கள். அப்போது யூல் பிரின்னரும் ஸ்டீவ் மக்வீனும் சவவண்டியில் ஏறி, குண்டுகளுக்கு நடுவே அதை மேட்டுக்கு ஓட்டிச் சென்று உடலைச் சேர்க்கிறார்கள். ஊர் ஆரவாரிக்கிறது. பிறகு படம் மெக்சிக்கோவுக்குப் போய்விடுகிறது. சாம் யார், அவருக்கு உறவு உண்டா, எந்தக் குலத்தவர் என்று யாரும் கேட்பதில்லை. அவர் இறந்தது இரண்டு வெள்ளையரின் துணிச்சலை நமக்கு அறிமுகம் செய்வதற்காக. வழியில் கிடப்பவர் இங்கே பிணமாகவே கிடக்கிறார். நன்றி சொல்லவேண்டிய தேவையும் இல்லை.

இக்காட்சியைப் பார்க்கும்போது எனக்குள் ஒரு சங்கடம். நான் முன்பு பணியாற்றிய ஒரு பங்கில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே இடுப்பளவுச் சுவர் ஒன்று இருந்தது. எந்தப் பக்கம் எவருக்கு என்று அங்கே எழுதி வைத்திருக்கவில்லை. தேவையும் இல்லை, மூன்று வயதுப் பிள்ளைக்கும் தெரியும். நான் பொறுப்பேற்றபோது சுவர் இருந்தது. பேசினேன், கூட்டம் போட்டேன், திருவிழா நின்றுபோகும் என்று பெரியவர்கள் சொன்னபோது பேச்சை நிறுத்திக்கொண்டேன். ஆறு ஆண்டுகள் கழித்து மாற்றலாகிப் போனபோதும் சுவர் இருந்தது. இவ்வளவும் தெரிந்த நான், அந்தப் படத்தை ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் யூல் பிரின்னருக்குப் பக்கத்தில் சவவண்டியின் முன்னிருக்கையில்தான் அமர்ந்திருக்கிறேன். இப்படங்களின் இரக்கம் நமக்குச் செய்யும் உதவி இது.

ஃபோர்டிடம் திரும்புவோம். அயர்லாந்து வழிவந்த கத்தோலிக்கர் அவர். தம் படங்களில் எண்ணற்ற பூர்வகுடிகளைக் கொன்றுவிட்டதாகத் தாமே பின்னாளில் ஒப்புக்கொண்டவர். 1960-இல் அவர் எடுத்த 'சார்ஜண்ட் ரட்லெஜ்' குறைவாகப் பேசப்படும் படம். ஒன்பதாம் குதிரைப்படை, 1866-இல் கறுப்பின வீரர்களைக் கொண்டு அமைக்கப்பட்ட உண்மையான படைப்பிரிவு. அதன் சார்ஜண்ட் பிராக்ஸ்டன் ரட்லெஜ் மீது வெள்ளைச் சிறுமியைக் கெடுத்துக் கொன்றதாகவும் அவள் தந்தையைக் கொன்றதாகவும் பழி. தப்பித்து ஓடிய அவர், தம்மைப் பிடிக்க வந்த தம் படையினர் பொறிக்குள் செல்வதைக் கண்டு, எச்சரிக்கத் திரும்பி வருகிறார். ஏன் திரும்பினாய் என்று வழக்கறிஞர் கிண்டும்போது, இந்தப் படைதான் என் வீடு, என் சுயமரியாதை, நான் ஒரு மனிதன் என்ற பொருளில் வெடிக்கிறார். வேடமேற்ற வூடி ஸ்ட்ரோடு முன்னாள் கால்பந்து வீரர். சாட்சிக் கூண்டில் அவர் அமர்ந்திருக்கும் விதமே ஒரு வாதம். இங்கே உவமை நேராக நிற்கிறது: ஒதுக்கப்பட்டவர் காப்பாற்றுகிறார். இருந்தும் பெயர் வரிசையில் ஸ்ட்ரோடுக்கு முதலிடம் இல்லை. அவர் கதையின் பெரும்பகுதியைப் பிறர்தான் சாட்சியாகச் சொல்கிறார்கள். அதைவிட எனக்கு உறுத்தலாக இருப்பது வேறு. ரட்லெஜ் தம் மனிதத் தன்மையை மெய்ப்பிக்க அந்தப் படத்திற்கு முகமற்ற அப்பாச்சிகள் தேவைப்படுகிறார்கள். ஒருவர் மேடையேற இன்னொருவர் இருளுக்குள் தள்ளப்படுகிறார்.

இத்தனைக்கும் பிறகு, இப்படங்களுள் மேலானது எது என்று கேட்டால் 'தி சர்ச்சர்ஸ்' என்றே சொல்வேன். அதில் பூர்வகுடிகள்பால் இரக்கம் குறைவு, உண்மை அதிகம். டெக்சாஸ், 1868. ஈதன் எட்வர்ட்ஸ் தன் சகோதரனின் வீட்டுக்குத் திரும்புகிறான். சில நாள்களில் கமான்ச்சிகள் அக்குடும்பத்தைக் கொன்று இளைய மகள் டெபியைக் கொண்டுபோகிறார்கள். ஈதனும், அவ்வீட்டில் வளர்ந்த மார்ட்டினும் ஆண்டுக்கணக்கில் தேடுகிறார்கள். மார்ட்டினின் குருதியில் எட்டில் ஒரு பங்கு செரோக்கி. அதற்காகவே ஈதன் அவனை முதல்நாள் முதல் இகழ்கிறான். போகப்போக நமக்குத் தெரிகிறது: ஈதன் தேடுவது டெபியை மீட்க அன்று; கமான்ச்சிகளோடு வாழ்ந்துவிட்ட அவளைக் கொல்ல. அமெரிக்காவின் அன்புக்குரிய நாயகனான ஜான் வெய்னுக்கு இந்த வேடத்தைக் கொடுத்ததுதான் ஃபோர்டின் துணிவு. தன் மந்தையைக் காக்கும் போதகரே துப்பாக்கி ஏந்திய காவற்படைத் தலைவராகவும் இருக்கும் ஊர் அது. திருமண உடையில் நிற்கும் நல்ல வீட்டுப் பெண் லாரி, டெபியை ஈதன் சுட்டுவிடுவதே நல்லது, அவள் தாயும் அதைத்தான் விரும்புவாள் என்று மார்ட்டினிடம் சொல்கிறாள். வெறுப்பு ஒரு தனிமனிதனின் நோயன்று, அது விருந்து மேசையிலும் இருக்கிறது என்பதை அந்த ஒரு வசனத்தில் படம் சொல்லிவிடுகிறது.

புதைக்கப்பட்ட கமான்ச்சி ஒருவனின் கண்களை ஈதன் சுடும் காட்சியை ஒரு குரு என்ற முறையில் என்னால் மறக்க முடியாது. கண்ணில்லாதவன் ஆவிகளின் நாட்டுக்குள் நுழைய முடியாமல் காற்றில் அலைவான் என்பது அம்மக்களின் நம்பிக்கை என்று அவனே விளக்குகிறான். அந்தப் படத்தில் கமான்ச்சியரின் மொழியையும் சமயத்தையும் நன்கறிந்த வெள்ளையன் அவன்தான். பிற சமயத்தைக் கற்றால் மதிப்புத் தானே வரும் என்று குருமடத்தில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். ஈதன் காயப்படுத்துவதற்காகக் கற்றிருக்கிறான்.

'புரோக்கன் ஆரோ' தருமம் செய்கிறது என்றால் 'தி சர்ச்சர்ஸ்' பாவசங்கீர்த்தனம் செய்கிறது. பாவசங்கீர்த்தனத் தொட்டியில் பல்லாண்டு அமர்ந்தவனுக்கு ஒன்று தெரியும். கனமான பாவங்களையெல்லாம் கண்ணீரோடு சொல்லிவிட்டு எழுந்துபோகும் மனிதர், தமக்குப் பாவமென்றே தோன்றாத ஒன்றைச் சொல்லாமலே போய்விடுவார். அந்தப் படத்தில் அப்படி விடுபட்டுப்போனது, சரிவில் உருண்ட அந்தப் பெண்.

இக்கட்டுரையின் முதற்படியில் கோச்சீஸை 'அவர்' என்றும் இப்பெண்ணை 'அவள்' என்றும் எழுதியிருந்தேன். இதோ மேலே முதல் பத்தியிலும் அந்தச் சொல் அப்படியே கிடக்கிறது, இருக்கட்டும். இனி 'அவர்' என்றே எழுதுகிறேன். மார்ட்டின் கமான்ச்சிகளிடம் ஒரு போர்வைக்குப் பண்டமாற்றுச் செய்ததாக நினைக்கிறான். மொழி புரியாமல் ஒரு மனைவியைப் பெற்றுவிடுகிறான். பின்தொடர்ந்து வரும் பெண்ணிடம் விளக்க முயன்று 'இதோ பார்' என்ற பொருளில் 'லுக்' என்கிறான். தமக்கு அவன் வைக்கும் பெயர் அது என்று அவர் எண்ணி ஏற்றுக்கொள்கிறார். அவருக்குச் சொந்தப் பெயர் இருக்கிறது. 'இரவு வானில் பறக்கும் காட்டு வாத்து' என்று ஈதன் சிரித்தபடி மொழிபெயர்க்கிறான். அன்றிரவுதான் அந்த உதை. பிறகு இருவரும் ஸ்காரைப் பற்றி அவரிடம் கேட்கிறார்கள். அப்பெயரைக் கேட்டதும் அவர் முகம் அச்சத்தால் மாறுகிறது. விடியும்போது அவர் இல்லை. தரையில் வழிகாட்டும் ஓர் அம்புக்குறி மட்டும் கிடக்கிறது. பனி பெய்து தடம் மறைந்துவிடுகிறது.

பின்னர், குதிரைப்படை எரித்துவிட்டுப் போன குளிர்காலக் குடியிருப்பு ஒன்றில், கூடாரத்துக்குள் அவரது உடல். 1868 நவம்பரில் வாஷிட்டா ஆற்றங்கரையில் கஸ்டரின் படை செயென் மக்களின் குடியிருப்பைத் தாக்கிய வரலாற்றை அந்தப் பனிக் காட்சி நினைவூட்டுகிறது. யாருக்கும் தீங்கு செய்யாத அவரைப் படைவீரர்கள் ஏன் கொல்ல வேண்டும் என்று மார்ட்டின் கேட்கிறான். அவர் அங்கே எதற்காகப் போனார்? எச்சரிக்கவா, அல்லது தனக்காக டெபியைத் தேடியா? அறிய வழியில்லை என்று அவன் கடிதத்தில் எழுதுகிறான்.

அறிய வழியில்லைதான். ஆனால் இரண்டாவது காரணம் உண்மையென்றால், இந்தப் படத்தில் பிறருக்காகத் தம் உயிரைப் பணயம் வைத்து, கைம்மாறு ஏதும் கேட்காமல், தம்மை உதைத்தவனுக்காகவே வழியில் இறங்கிப் போனவர் ஒருவர் உண்டு. அவரே இதன் சமாரியர். ஆண்டவரின் உவமை அமைந்திருந்தபடியே, கேட்பவர் வெறுத்த இனத்திலிருந்து வந்தவர். படத்தின் கையில் அந்த உவமை முழுமையாக இருந்திருக்கிறது. படம் அதைக் கவனிக்கவில்லை.

பார்வையாளரைச் சிரிக்கவைத்து, பிறகு பிணத்தைக் காட்டி, சிரித்ததற்காக வெட்கப்பட வைப்பதுதான் ஃபோர்டின் நோக்கம் என்று வாதிடுவோர் உண்டு. எனக்கு அது ஏற்புடையதாக இல்லை. இந்த நிகழ்ச்சி முழுவதும், மார்ட்டின் எழுதிய கடிதத்தை லாரி தன் வீட்டில் உரக்க வாசிப்பதாக அமைந்துள்ளது. அவர் இறந்த செய்திக்குப் பின்னரும் காட்சி அந்த வீட்டுக்கே திரும்புகிறது. லாரிக்குக் காதலனின் கடிதம் வறட்சியாக இருக்கிறதே என்ற வருத்தம். இன்னொரு காதலன் கிட்டாரை எடுத்து வேடிக்கைப் பாட்டுப் பாடுகிறான். வெட்கப்பட வைக்க விரும்பிய இயக்குநர் அவ்வளவு விரைவில் கிட்டாரைக் கொடுத்திருக்க மாட்டார். குருமட உணவறையில் நாங்கள் சிரித்தது ஃபோர்டு எதிர்பார்த்த இடத்தில்தான். அவருக்கும் எங்களுக்கும் அன்று வேறுபாடு இல்லை.

இறுதிக் காட்சியைப் பற்றி உலகமே எழுதியிருக்கிறது. ஈதன் டெபியைக் கொல்லாமல் தூக்கிக்கொள்கிறான், வீட்டில் சேர்க்கிறான், தான் உள்ளே நுழையாமல் திரும்பி நடக்கிறான், கதவு மூடுகிறது. அந்தக் கதவுக்கு வெளியே நிற்பவன் ஈதன் ஒருவனே என்று நானும் பல்லாண்டு எண்ணியிருந்தேன்.

அடுத்த வாரம் அந்த மாணவி வந்தபோது, பெயர் இருக்கிறது என்று சொல்லி, காட்டு வாத்து என்ற அந்தப் பெயரை ஒப்பித்தேன். “அது ஈதன் சொன்ன அர்த்தம்தானே ஃபாதர்? அவங்க பாஷையில என்ன?” என்றார். பங்கு இல்லத்துத் தொலைக்காட்சியில் அந்த இடத்தை மீண்டும் போட்டோம். அவர் ஏதோ சொல்கிறார். உடனே ஈதன் பேசத் தொடங்கிவிடுகிறான். ரிமோட்டைப் பின்னோக்கி அழுத்தி மூன்று முறை கேட்டுப் பார்த்தோம். ஈதனின் குரல்தான் தெளிவாகக் கேட்டது.